வேலிக்கு இந்தப் பக்கத்து மரம்

பலகீக்கோவைப் பற்றி யாராவது எழுத வேண்டுமென்றால் அதை நான்தான் எழுத வேண்டும். அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள், நாற்பது வருடமாக ஒரே வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவள், இந்த ஊரிலேயே அவன்மேல் அதிகக் கோபம் வைத்திருப்பவள் நான். கோபம் இல்லாதவர்கள் எழுதினால் நல்ல மனுஷன் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

நல்ல மனுஷன்தான். அதில்தான் வந்தது வினை.

எங்கள் தீவில் ஹிலோ டவுனிலிருந்து எரிமலைக்கு ஏறும் சாலையில் முப்பத்தொரு வருடம் புல் வெட்டியவன் அவன். நைலான் கயிறு சுழலும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையில் கீழே ஆரம்பிப்பான். எங்கள் பக்கம் மழை நாள் கிழமை பார்ப்பதில்லை. மேலே போய் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கீழே புல் கணுக்காலுக்கு வந்திருக்கும். கூட வேலை செய்தவர்கள் கலர் சோடா குடித்தபோது இவன் ஃப்ளாஸ்கில் எங்கள் காட்டுச் செடியான மாமாகியின் இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் குடித்தான். "மாட்டுக்குப் போடுற தழைடா அது" என்று கிண்டல் செய்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு இன்று சர்க்கரை, ஒருவனுக்குக் கால் இல்லை. பலகீக்கோவுக்கு முழங்கால் தேய்ந்ததோடு சரி.

வீட்டிலும் அப்படித்தான். கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கிய செடி எதற்கும் அவன் தோட்டத்தில் இடமில்லை. பறவை எச்சத்தில் ஒரு கொய்யாக் கன்று முளைத்தால் போதும், திருடனைப் பிடித்த மாதிரி வேரோடு பிடுங்கி வேலிக்கு வெளியே எறிவான். சமையலறைப் பக்கம் மாமாகி. மழைத்தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மரப்பெரணி. அதன் குருத்தில் பொன்னிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று இருக்கும். கையை அறுத்துக்கொண்டால் அதைப் பிய்த்து வைத்துக் கட்டிவிடுவான்; ரத்தம் நின்றுவிடும். வீட்டு முன்னால், நடுநாயகமாக, கவேனாவின் மரம், எங்கள் காடெல்லாம் சிவப்பாகப் பூக்கும் ஓஹியா. வேலிக்கு இந்தப் பக்கம் என் முற்றத்திலும் ஒரு பழைய ஓஹியா உண்டு.

கவேனா அவன் ஒரே மகள். அவளுக்கு முன்னால் அவன் மனைவி லூக்கியாவுக்கு மூன்று தங்கவில்லை. நான்காவதுக்கு வலி எடுத்தபோது ஓஹியாவின் சிவப்புக் குருத்தைப் பறித்து வந்து காய்ச்சிக் கொடுத்தவள் நான். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியை ஐஸ் பெட்டியில் வைத்து மருத்துவமனையிலிருந்து எடுத்து வந்தான் பலகீக்கோ. நர்ஸ் முகத்தைச் சுளித்தாளாம். இங்கே மண் என்பது பேருக்குத்தான், ஒரு சாண் தோண்டினால் எரிமலைப் பாறை. கொட்டுகிற மழையில் கடப்பாரையால் அரை நாள் இடித்துக் குழி எடுத்தான். கொடியைப் புதைத்து அதன்மேல் முழங்கால் உயரக் கன்றை நட்டான். கொடி எங்கே கிடக்கிறதோ அந்த மண்ணுக்குத்தான் பிள்ளை சொந்தம். எங்கே போனாலும் திரும்பி வந்துவிடும்.

உலர்ந்து விழுந்த தொப்புள்கொடித் துண்டைப் பாறை இடுக்கில் வைத்துக் கல் போட்டு அடைத்தான். அதை எலி எடுத்தால் பிள்ளை திருடும் என்பார்கள். ஐந்து வயதில் கவேனா என் வாழைத்தாரில் நாலு பழத்தைத் திருடினாள். "என்னய்யா, எலி எடுத்திருச்சா?" என்று வேலிக்கு மேலே எட்டிக் கேட்டேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அந்த மடையன் ஓடிப்போய்க் கல்லைப் புரட்டிப் பார்த்தான்.

லூக்கியா ஒரு சட்டம் போட்டிருந்தாள். மரத்தடியில் நாலடிக்கு இரும்பும் வரக்கூடாது, மெஷினும் வரக்கூடாது, கையால்தான் களை எடுக்க வேண்டும். சாலை முழுக்க மெஷினால் வெட்டியவன் வீட்டுக்கு வந்து அந்த நாலடி வட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். மகளுக்குப் பத்தொன்பது வயதானபோது லூக்கியா போய்ச் சேர்ந்தாள். சட்டம் போகவில்லை.

கவேனா லாஸ் வேகாஸுக்குப் போனாள். எங்கள் பிள்ளைகளில் பாதி அங்கேதான் இருக்கிறார்கள். பிறந்த தீவில் குடியிருக்க வீடு கிடைக்காமல் பாலைவனத்துக்குப் போய், ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ப்பாட்டு கேட்கிறார்கள். அங்கேயே ட்ராவிஸ் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். இவன் அழவில்லை.

"எங்க போயிருவா? அவ கயிறு இங்கல்ல கட்டிக் கிடக்கு" என்று மரத்தைத் தட்டிக் காட்டினான்.

போன வருடம் ஒரு காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், அதனால் வேலிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அப்படி ஒரு வசதி.

"அப்பா, மூணு மாசம்."

இவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"அப்பா? இருக்கியா?"

"இருக்கேம்மா. சொல்லு."

"கொடியை இங்கயே வீட்டுப் பின்னாடி புதைச்சிரலாம்னு ட்ராவிஸ் சொல்றாரு. ஐஸ்ல வச்சு ஆறு மணி நேரம் தூக்கிட்டு வரணுமான்னு கேக்குறாரு. நான்தான் முடியாதுன்னுட்டேன். என் மரம் அங்க இருக்கு, எம் பிள்ளையோடதும் அங்கதான்னு சொல்லிட்டேன். மரம் மட்டும் இல்லேன்னா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்பா. அம்மாவும் இல்ல, நீ ஒருத்தன்."

"மரம் இருக்கும்மா. நல்லா இருக்கு. மேல பூரா சிவப்பா பூத்துக் கிடக்கு."

"வந்தா அங்கயே இருந்துடலாமான்னு கூட யோசிக்கிறோம். பாப்போம்."

அந்தக் கடைசி வார்த்தை அவனைக் கெடுத்தது. போனை வைத்த கையோடு மெஷினை எடுத்தான். பிள்ளை வர ஆறேழு மாதம் இருக்கிறது, மறுநாளே வருகிற மாதிரி தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தான். நான் ஜன்னலோரம் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். வேலியோரம் வெட்டினான், பாதையோரம் வெட்டினான். அப்படியே வெட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனான். என் கை நின்றுவிட்டது. கத்தியிருக்க வேண்டும். முழங்கால் வலிக்கிறவன், போகட்டும், இன்று ஒரு நாள் தானே என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நைலான் கயிறு பட்டைமேல் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு காயம், அவ்வளவுதான். மெஷினை அணைத்தான். அப்புறம் மரப்பெரணியிலிருந்து பஞ்சைப் பிய்த்து வந்து காயத்தில் வைத்து, பழைய துணியால் சுற்றிக் கட்டினான். மனுஷனுக்குக் கட்டுகிற மாதிரி.

"மரத்துக்குக் கட்டுப் போடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றேன்.

"ரத்தம் நிக்கட்டும்" என்றான். சிரிக்கவில்லை.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மரத்தின் உச்சியில் ஒரு கிளை பழுப்பானது. இலை உதிரவில்லை. அடுப்பில் வாட்டினது மாதிரி அப்படியே கிளையில் நின்றது. தீவு முழுக்க ஓஹியாவுக்கு என்ன நோய் வந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? சாலைக்கு மேலே காடு காடாக இப்படிப் பழுத்து நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். காட்டுக்குள் போனால் செருப்பைத் தேய்த்துக் கழுவி ஸ்பிரிட் அடி, அரிவாளைத் துடை, விறகை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகாதே என்று முக்குக்கு முக்கு போர்டு வைத்திருக்கிறார்கள். பலகீக்கோவே அந்த போர்டைச் சுற்றிப் புல் வெட்டியவன்.

ஆனால் அவன் போன் செய்து ஆளைக் கூப்பிடவில்லை. ஏணி போட்டு ஏறி, ரம்பத்தால் அந்தக் கிளையை அறுத்தான். அழுகின விரலை எடுத்தால் கை தப்பும் என்று கணக்குப் போட்டானாம். காற்று அவன் பக்கத்திலிருந்து என் பக்கம் அடித்தது. கொடியில் காய்ந்த என் துணியெல்லாம் மரத்தூள்.

நான் வெளியே வந்து கத்திய கத்தில் தெருநாய்கள் எழுந்தன.

"உனக்கு அறிவிருக்காய்யா? போர்டு போர்டா எழுதி வச்சிருக்கானே, படிக்கலையா? காத்து எங்க அடிக்குதுன்னு பாத்தியா? என் மரம் இங்க நிக்குதே, கண்ணு தெரியலையா உனக்கு?"

ஏணி மேலேயே நின்றான். "லெபேக்கா, ஒரு கிளைதான். ஒரு கிளையோட போயிரும்."

"மரத்தை வெட்டினதும் நீ. இப்போ அறுக்கிறதும் நீ."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவன் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு, ஏணியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ஆளைக் கூப்பிட்டது நான்தான். மரம் பார்க்கிற இலாகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள், முப்பது வயதிருக்கும். செருப்பை எங்கள் வாசலில் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். மரத்துக் காயத்தில் போட்டிருந்த துணிக்கட்டை அவிழ்த்தாள். பஞ்சு ஈரமாக இருந்தது. காயத்தருகே துளை போட்டுக் கொஞ்சம் தூள் எடுத்துப் பையில் வைத்தாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அங்கிள், பூஞ்சைதான். காயத்து வழியா உள்ள போயிருக்கு. தண்ணி ஏறுற நரம்பையெல்லாம் அடைச்சிரும். மரம் நின்னுக்கிட்டே தாகத்துல போயிரும்."

"மருந்து?"

"இன்னும் இல்ல அங்கிள்."

"கிளையெல்லாம் எடுத்துட்டா?"

"தொடாதீங்க. இனிமே தொடவே தொடாதீங்க." என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, அவர் அறுத்த வாரம் உங்க மரத்துல ஏதாச்சும் ஒடிச்சீங்களா?"

ஒடித்திருந்தேன். நடனப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைமாலை கட்ட அந்த வாரம்தான் ஒரு கூடை சிவப்புக் குருத்து பறித்தேன். மரத்திடம் கேட்டுவிட்டுத்தான் பறித்தேன். கேட்டுப் பறித்தாலும் காயம் காயம்தான். சொன்னேன்.

"கொஞ்ச மாசம் பாருங்க. ஒரு கொத்து பழுத்தாலும் உடனே எனக்கு போன் பண்ணுங்க. மறைக்காதீங்க" என்று நம்பர் எழுதிக் கொடுத்தாள். அதைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவைத்தேன்.

முதல் கிளை பழுத்து மூன்று வாரத்தில் பலகீக்கோவின் மரம் முழுக்கப் போய்விட்டது. அதே நாளில்தான் பேத்தி பிறந்தாள். லூக்கியா என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பலகீக்கோ போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணெல்லாம் தண்ணீர்.

"கொடியை ஃப்ரீசர்ல வச்சிருக்கோம்பா. டாக்டரெல்லாம் பேப்பர் கொடுத்துட்டாங்க. ரெண்டு மாசம் ஆனதும் வர்றோம். மரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன், பாக்கணும் போல இருக்கு."

போனை வைத்துவிட்டு நேராக வேலிக்கு வந்தான்.

"லெபேக்கா. உன் மரத்தை ஒரு போட்டோ எடுத்துக் குடு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

"என் மரத்தை வச்சுப் பெத்த பிள்ளைகிட்டப் பொய் சொல்லப் போறியா? வெக்கமா இல்ல? நேத்துப் பிறந்த குழந்தைக்கும் சேத்து பொய்யா?"

"சொன்னா வரமாட்டா."

"வரட்டும் வராம போகட்டும், உண்மையைச் சொல்லுய்யா!"

அவன் வாக்குவாதம் செய்யவில்லை. "எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு" என்றான். ஆனாலும் எடுத்துக்கொடுக்க மாட்டேன் என்று கதவைச் சாத்தினேன். வேலிக்கு மேலே கையை நீட்டி அவனே எடுத்தான். அடுத்த வாரமும் எடுத்தான், அதற்கடுத்த வாரமும். "அப்பா, எல்லாப் போட்டோலயும் உன் கட்டைவிரல் விழுந்திருக்கு" என்று அவள் சிரிப்பது கேட்டது. நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன். வழக்கமாக வைக்கிற சேப்பங்கிழங்குக் கூழை மட்டும் வேலித்தூணில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். கிண்ணம் கழுவித் திரும்பி வரும்.

அவர்கள் வருகிற நாள் காலை என் மரத்தடியைக் கூட்டப் போனேன். கைக்கெட்டுகிற கிளையில், குருத்து ஒடித்த கணுவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கொத்து பழுத்திருந்தது. ஏழெட்டு இலை இருக்கும். மற்றதெல்லாம் பச்சை, உச்சியில் பூ. விளக்குமாற்றை மரத்தில் சாய்த்தேன். இதை அவனிடம் சொல்ல வேண்டும், அவன் பண்ணின வேலையை அவன் பார்க்க வேண்டும் என்று ஆத்திரத்தோடு வேலிக்குப் போனேன்.

இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மழித்த கன்னத்தில் ஒரு வெட்டு, அதில் பெரணிப் பஞ்சு. மொட்டை மரத்தை மறைக்கிற மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். முப்பதடி மரத்தை ஒரு மனுஷன் உட்கார்ந்து மறைக்க முடியுமா?

"என்ன சொல்லப் போறே அவகிட்ட?" என்றுதான் கேட்க வந்தது.

"தெரியல" என்றான்.

கார் வந்தது. கவேனா குழந்தையோடு இறங்கினாள். ட்ராவிஸ் நீல ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினான். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே பார்த்தாள்.

"அப்பா. நீ அனுப்பினது யார் மரம்?"

பலகீக்கோ எழுந்தான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். மரத்தடிக்குப் போய்க் கறுத்துப்போன காயத்தைத் தொட்டுக் காட்டினான். "நான்தாம்மா. நீ மாசமா இருக்கேன்னு சொன்ன அன்னைக்கு. மெஷினால."

"அம்மா சொல்லியிருக்காளே!"

"சொல்லியிருக்கா."

"ரெண்டு மாசமா, வாராவாரம், நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு..." ட்ராவிஸ் கையிலிருந்த பெட்டியைக் காட்டினாள். "ஐஸ் கரையுதேன்னு வழியெல்லாம் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன்பா. எங்க வைக்கச் சொல்றே இதை? இந்தக் கட்டைக்கு அடியிலயா?"

"இங்க வேணாம்மா. பூஞ்சை மண்ணுலயும் இருக்குமாம்."

"அப்போ திருப்பிக் கொண்டு போறோம்." கணவனைப் பார்த்தாள். "நீங்க சொன்னதுதான் சரி. வீட்டுப் பின்னாடியே வச்சிரலாம். அங்கயாச்சும் எது இருக்கு எது இல்லன்னு தெரியும்."

பலகீக்கோ காயத்திலிருந்து கையை எடுத்தான். லூக்கியா செத்த அன்று அவன் முகத்தைப் பார்த்தவள் நான். அன்று கூட அதில் ஏதோ மிச்சம் இருந்தது.

"போட்டோல பாத்தது என் மரம்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் மரத்தடியில வை. எனக்குப் பிள்ளை இல்லை, அந்த மண்ணுல யாரு கொடியும் இல்லை. உங்கப்பன் ஜன்னலைத் திறந்தா தெரியும். வா."

சொன்னேனே தவிர, ஏன் சொன்னேன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவன் முகத்துக்காகச் சொன்னேன். எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஒரு குழந்தையின் கயிறு என் மண்ணில் கிடக்க வேண்டும் என்ற ஆசை இந்த வயதிலும் அப்படிப் பொங்கும் என்று எனக்கே தெரியாது.

கவேனா குழந்தையின் தலையைத் தடவினாள். "ஆன்ட்டி மரம் நல்லா இருக்குல்ல?" என்றாள், என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

"பூத்துக் கிடக்கும்மா" என்றான். இந்த முறை அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது.

அவர்கள் கடப்பாரையைத் தேடி எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் நடந்தேன். என் மரத்தடிக்குப் போய், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, அந்தப் பழுத்த கொத்தைப் பிடித்து ஒடித்தேன். பச்சை நார் கிழிந்து வந்தது. பாவாடைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

ட்ராவிஸ் இடித்தான். பலகீக்கோ தரையில் உட்கார்ந்து கையால் கல்லை அள்ளி வெளியே போட்டான். மழை தூறியது. கவேனா பெட்டியைத் திறந்து கொடியை எடுத்துக் குழியில் வைத்தாள், மண் போட்டு மூடினார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கவேனா அப்பாவின் தோளில் நெற்றியை வைத்தாள். அவன் அழுதான். ஏணி மேல் அழுத அழுகை இல்லை இது.

"லெபேக்கா" என்று ஈரக் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு மாதத்துக்கு அப்புறம் நேருக்கு நேர் பார்க்கிறான். "இது கெட்டி மரம், இல்ல?"

"எனக்கு முன்னாடியே நின்ன மரம்" என்றேன். "எனக்கப்புறமும் நிக்கும்."

பைக்குள் இலை நொறுங்கியது. நான் கையை வெளியே எடுக்கவில்லை.